வெறும் ஃபிளாஷ்

இருபத்து நாலு படம், அதற்கு மேல் ஒன்றுகூடக் கிடையாது என்று கம்பெனி மேனேஜர் நடராசன் கறாராகச் சொன்னார். செல்லதுரைக்கு அந்த இருபத்து நாலே தலைகால் புரியாத சந்தோஷம். குடவாசல் கடைத்தெருவில் ஸ்டூடியோ போட்ட இந்த ஏழு வருஷத்தில் அவன் எடுக்காத படம் இல்லை. கல்யாணம், காதுகுத்து, சடங்கு, சிங்கப்பூர் போகிறவர்களுக்குப் பாஸ்போர்ட், செத்தவரை நாற்காலியில் உட்கார்த்தி மாலை போட்டு எடுக்கிற கடைசிப் படம், எல்லாம் ஆயிற்று. ஆனால் சென்னையில் ஆபீசும் டெலிபோனும் வைத்திருக்கிற ஒரு கம்பெனி, தன் விழாவுக்கு இன்னின்ன படம் வேண்டும் என்று டைப் அடித்துக் கொண்டுவந்து அவன் மேசைமேல் வைத்தது இதுதான் முதல் தடவை. அந்தக் காகிதத்தை அவன் மூன்று தடவை படித்தான். நாலாவது தடவை மனைவி அமிர்தத்தைக் கூப்பிட்டு அவளுக்கும் படித்துக் காட்டினான்.

விழா நீலமணி உரக் கம்பெனியுடையது. தை மாசக் கடைசியில், செம்பியநத்தம் கிராமத்தில், வயலிலேயே பந்தல் போட்டு நடத்துகிறார்கள். அந்த வருஷம் தாலுகாவிலேயே அதிக மகசூல் கண்ட நிலம் அங்கே இருந்தது. ஒன்பது மா, கிட்டத்தட்ட மூன்று ஏக்கர். மாவுக்கு முப்பது கலம் கண்டிருந்தது. மற்றவர்களுக்குப் பதினெட்டு வந்தாலே பெரிய பேச்சு. அதற்காகக் கம்பெனி வெள்ளிக் கோப்பை கொடுக்கிறது. கலெக்டர் வந்து கொடுப்பார், நிலத்துக்காரரும் கம்பெனியின் உர டீலருமான மிராசு பஞ்சநதம் வாங்கிக்கொள்வார், படம் கம்பெனியின் மாதப் பத்திரிகையில் வரும். ஏற்பாடு இவ்வளவுதான்.

அந்த ஒன்பது மா யார் வயல் என்று கேட்டதும்தான் செல்லதுரைக்கு விஷயம் விளங்கியது. பட்டா பஞ்சநதத்தின் பேரில். உழுது நட்டுக் களையெடுத்து அறுத்தது அவனுடைய அக்கா வேம்புவும் அக்கா புருஷன் முருகையனும். எட்டு வருஷமாக வாய்வார்த்தைக் குத்தகை. ஒவ்வொரு அறுப்புக்கும் களத்திலேயே குத்தகை நெல்லை அளந்துவிடுவார்கள், ரசீது என்று ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடையாது. கேட்டால் பஞ்சநதம், உனக்கும் எனக்கும் நடுவில் காகிதம் எதற்கு என்பார்.

எதற்கு என்பது அப்போது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. குத்தகைக்காரர்களின் பேரைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று சர்க்கார் சட்டம் கொண்டுவந்திருந்தது. பேர் ஏறிவிட்டால் இஷ்டத்துக்கு வெளியேற்ற முடியாது. அதனால் ஜில்லா முழுக்க மிராசுதார்கள் அவசர அவசரமாக ஆட்களை மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஊருக்கு ஊர் செங்கொடி, ஊருக்கு ஊர் போலீஸ் வேன். முருகையனும் மனுப் போட்டான். இவன் என் பண்ணையில் கூலிக்கு வேலை பார்க்கிற ஆள், குத்தகையும் கிடையாது ஒன்றும் கிடையாது என்று பஞ்சநதம் எதிர்மனுப் போட்டார். மாசியில் விசாரணை. அதற்குள் ஏதாவது ஓர் அத்தாட்சி கொண்டுவா என்று பதிவு அதிகாரி சொல்லிவிட்டார். சாட்சி சொல்ல ஊரில் எவனும் துணியவில்லை.

“ஒரு துண்டுச் சீட்டு போதுமாம்டா தம்பி,” என்று வேம்பு ஸ்டூடியோ வாசலில் உட்கார்ந்து சொல்லிவிட்டுப் போய்ப் பத்து நாள்கூட ஆகவில்லை. “எட்டு வருஷம் பாடுபட்டதுக்கு எங்கிட்ட எந்தத் துண்டும் இல்லையே.”

அது போகட்டும், வேலைக்கு வருவோம். மறுநாள் நடராசன் அவனைக் கம்பெனி ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய் இடத்தைக் காட்டினார். செல்லதுரைக்கு அங்கே போனதும் காலில் சக்கரம் கட்டியது. வரப்பில் நடந்தான், களத்தில் நடந்தான், சூரியன் பத்து மணிக்கு எங்கே நிற்கும் என்று கையை நீட்டிப் பார்த்தான். மேடையைக் கிழக்குப் பார்த்துப் போடச் சொன்னான். பந்தலுக்குக் கீற்றை ரெட்டையாக வேயச் சொன்னான், ஒற்றைக் கீற்றென்றால் வெயில் பொத்தல் பொத்தலாக விழுந்து கலெக்டர் முகமே அம்மை போட்டதுபோல் படத்தில் தெரியும். மாலைத் தட்டு ஏந்துகிறவர்கள் இடதுபுறம்தான் நிற்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மேடைக்குப் பின்னால் ஒரு மூலையில் மட்டும் கதிரை அறுக்காமல் விட வேண்டும். அறுத்த தாளைப் பின்னால் வைத்துக்கொண்டு அதிக மகசூல் என்று படம் போட்டால் பார்க்கிறவன் சிரிப்பானே! நடராசன் ஆளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

பட்டியலிலும் இவன் கை வைத்தான். நன்றியுரைக்கு எதற்கு மூன்று படம்? அதைப் பிடுங்கிக் கோப்பைக்குக் கொடுத்தான். கோப்பை வாங்கும்போது யாராவது ஒருத்தர் கண்ணை மூடிவிடுவார்கள், அதனால் அதற்கு மட்டும் மூன்று. வரவேற்பு வளைவுக்கு ஒன்று, ஜீப்பிலிருந்து இறங்குவதற்கு ஒன்று, குத்துவிளக்குக்கு ரெண்டு என்று பிரித்துப் பிரித்து இருபத்து நாலையும் நிரப்பினான். நாடு முழுக்க ஃபிலிமுக்குத் தட்டுப்பாடாக இருந்த காலம். கம்பெனியே ரெண்டு ரோல் கொடுத்தது, ரோலுக்குப் பன்னிரண்டு. விழா முடிந்ததும் ரெண்டையும் அப்படியே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், சென்னையில் கழுவிக்கொள்வார்கள். செல்லதுரைக்கு அது கொஞ்சம் வருத்தம்தான். தான் எடுத்த படத்தைத் தானே பார்க்க முடியாது என்றால் யாருக்கு வருத்தம் இருக்காது?

பிறகு ரெண்டு பேருமாகப் பஞ்சநதத்தின் வீட்டுக்குப் பட்டியலைக் காட்டப் போனார்கள். அவர் ஊஞ்சலில் இருந்தபடி கேட்டுக்கொண்டார். அவருடைய காரியஸ்தர் குஞ்சிதபாதம் தூணோரம் நின்றார். எல்லாம் சரி என்று வந்தபோது நடராசன், வேலை செய்தவர்களையும் வைத்து ஒரு படம் எடுத்தால் நன்றாயிருக்கும், ஊர் இருக்கிற இருப்பில் அவர்களும் விழாவில் சந்தோஷமாக நின்றால் கம்பெனிக்கு நல்ல பேர் என்றார். பஞ்சநதத்துக்கு முகம் மாறிற்று. ஊஞ்சலைக் காலால் நிறுத்தினார்.

“ஏம்ப்பா செல்லதுரை, என் பொண்ணு கல்யாணத்துல பண்ணையாளுங்களுக்கு என்ன பண்ணினே? அதையே பண்ணு. நிக்க வை, வெளிச்சத்தைப் போடு, அனுப்பு.”

நடராசனுக்குப் புரியவில்லை. செல்லதுரைக்குக் காது சூடேறிற்று. அது தொழில் ரகசியம். கல்யாண வீட்டில் வருகிறவன் போகிறவன் எல்லாம் படம் எடு எடு என்று நிற்பான். அத்தனை பேருக்கும் ஃபிலிமுக்கு எங்கே போவது? அதற்கென்று ஃபிலிம் போடாத ரெண்டாவது கேமரா ஒன்று கழுத்தில் தொங்கும். அதை எடுத்துப் பளிச்சென்று ஒரு வெளிச்சம் போட்டால் நின்றவர்களுக்குத் திருப்தி. இதற்கு வெறும் ஃபிளாஷ் என்று பேர். பஞ்சநதம் மகள் கல்யாணத்தில் அவர் உத்தரவுப்படிப் பண்ணையாட்கள் அத்தனை பேருக்கும் அதுதான். அதில் புதுப்புடவை கட்டிக்கொண்டு வேம்புவும் முருகையன் பக்கத்தில் நின்றாள். பிற்பாடு அந்தப் படம் எங்கேடா, எங்கேடா என்று ஆறு மாசம் கேட்டாள். நெகட்டிவ் கெட்டுப்போச்சுக்கா என்று சொல்லித் தப்பித்தான். அந்தப் பொய்யை அவன் இன்னும் மாற்றிச் சொல்லவில்லை.

பஞ்சநதம் இன்னொன்றும் சொன்னார். “முருகையன் உன் அக்கா புருஷன்னு எனக்குத் தெரியாம இல்லை. அன்னைக்குக் குஞ்சிதபாதம் அந்தக் கேமராவைத் திறந்து பார்ப்பாரு. கோவிச்சுக்காதே.”

திரும்பி வரும்போது ஜீப்பில் செல்லதுரை மனசுக்குள் ஒரு படத்தை நிறுத்திப் பார்த்தான். கம்பெனி பேனர், கலெக்டர் வருகிற விழா, கையில் கோப்பை, பின்னால் அதே வயலின் கதிர், நடுவில் முருகையன். அக்கா கேட்ட துண்டுச் சீட்டு இதைவிடப் பெரிதாக எங்கே கிடைக்கும்? இதுவரை எத்தனையோ பேரைச் சிரிக்கச் சொல்லிப் படம் எடுத்திருக்கிறான், இப்படி ஒரு படத்துக்காக அவன் நெஞ்சு அடித்துக்கொண்டதில்லை. ஆனால் ஃபிலிம் எல்லாம் எண்ணிக்கை, கேமராவைத் திறந்து பார்ப்பார்கள். போச்சு.

வீட்டுக்கு வந்து அமிர்தத்திடம் சொன்னான். இருட்டறை வேலை முழுக்க அவளுடையது, கழுவுவதிலும் அச்சிடுவதிலும் அவன் அவளுக்கு அடுத்தபடிதான். அவள் கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

“திறந்து பாக்குற வரைக்கும்தானே காலியா இருக்கணும்? பாத்துட்டுப் போன பிறகு?”

அவ்வளவுதான், அவனுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கூத்தாநல்லூர்க் கல்யாணம் ஒன்றுக்காக அரிசிப் பானைக்குள் காற்றுப் படாமல் வைத்திருந்த சொந்த ரோல் ஒன்று இருந்தது. அமிர்தம் அதை எடுத்துக்கொண்டு வந்தாள். அன்று மத்தியானம் ரெண்டு பேரும் தரையில் உட்கார்ந்து விழாவையே நடத்திப் பார்த்தார்கள். தீப்பெட்டி மேடை, தாயக்கட்டை கலெக்டர், புளியங்கொட்டைகள் ஜனம். குஞ்சிதபாதத்துக்கு அமிர்தம் ஒரு வெண்டைக்காயை வைத்தாள். கேமராவை அவர் பார்ப்பது இங்கே, வைக்கோல் போர் இங்கே, பெண்களைப் படம் எடுக்க ஒத்தாசைக்கு வருகிற சாக்கில் அமிர்தம் நிற்பது இங்கே. டிபன் கேரியரின் அடித்தட்டில் ரோல். போருக்குப் பின்னால் நிழலில் மாட்ட ரெண்டு நிமிஷம். தொழிலாளர் படம் ஒன்பதரைக்கு, கலெக்டர் வருவது பத்துக்கு.

ஒரே ஒரு பயம். அந்த ரெண்டாவது கேமராவுக்குள் ஃபிலிம் போய் ரெண்டு வருஷம் ஆகிறது. முதுகைத் திறந்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஷட்டரை அழுத்திப் பார்த்தார்கள், கண் சிமிட்டியது. ஓரத்தில் தகரம் துருவேறிக் கிடந்தது. வெளிச்சம் கசிந்தால் படம் வெந்துபோகும். சோதித்துப் பார்க்க ஃபிலிம் கிடையாது. அமிர்தம் கறுப்புக் காகிதத்தை வெட்டி ஓரமெல்லாம் ஒட்டினாள். அக்காவிடம் சொல்லலாமா என்று அவன் கேட்டான். வேண்டவே வேண்டாம் என்றாள். முருகையனுக்கு மனசில் இருப்பது முகத்தில் தெரியும், வேம்புவுக்கோ வாயில் தெரியும்.

விழா நாள் வந்தது. காலை ஏழு மணிக்கே ஒலிபெருக்கி நாலு ஊருக்குப் பாடிக்கொண்டிருந்தது. வாழைமரம், மாவிலை, நீலமணி என்று கொட்டை எழுத்தில் பேனர். மேடைக்குப் பின்னால் அந்த ஒரு மூலைக் கதிர் மட்டும் தலைசாய்ந்து பழுத்து நின்றது. அதை விட்டுவைத்தது முருகையன், ஒரு வாரமாகக் குருவி விரட்டியது வேம்பு. படம் எடுக்கப் போகிறார்கள் என்றதும் அவனும் சட்டையைத் தோய்த்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். வேம்பு அதே கல்யாணப் புடவையைக் கட்டியிருந்தாள்.

குஞ்சிதபாதம் ரெண்டாவது கேமராவை வாங்கித் திறந்தார். உள்ளே விரலை விட்டுத் துழாவினார், ஊதிக்கூடப் பார்த்தார். திருப்தியாகத் தலையாட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அடுத்த அஞ்சாவது நிமிஷம் அது வைக்கோல் போருக்குப் பின்னால் போய் அமிர்தத்தின் முந்தானைக்குள் இருந்து திரும்பி வந்தது. கழுத்தில் மாட்டிக்கொண்டபோது செல்லதுரைக்கு அது முன்னைவிடக் கனத்தது.

ஒன்பதரை மணிக்கு ஆட்களை நிற்க வைத்தான். பஞ்சநதம் பக்கத்திலேயே நின்று வேடிக்கை பார்த்தார். வெறும் ஃபிளாஷ்தானே என்ற தைரியம் அவருக்கு. ஒரே குஷியாக இருந்தார். முதலில் பெண்களை வைத்து ஒன்று. பிறகு முருகையனைக் கதிருக்கு முன்னால் நிறுத்தினான். கோப்பையை அவன் கையில் எப்படிக் கொண்டுவருவது என்று செல்லதுரை மூன்று நாளாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தான். அந்தக் கவலையைப் பஞ்சநதமே தீர்த்து வைத்தார். மேசையிலிருந்து கோப்பையை எடுத்து, “ஏலேய் முருகையா, ஆசையா பாக்குறியே, இந்தா, புடிச்சுக்கிட்டு நில்லு” என்று சிரித்துக்கொண்டே ரெண்டு கையாலும் நீட்டினார். முருகையன் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ரெண்டு கையாலும் வாங்கினான். பின்னால் பேனர், பின்னால் கதிர். செல்லதுரை அழுத்தினான்.

கோப்பையோடு முருகையனைத் தனியாக ஒன்று எடுத்தான். வேம்புவைப் பக்கத்தில் நிறுத்தி இன்னொன்று. அதை எடுக்கும்போது கண் கலங்கிவிட்டது, கல்யாண வீட்டுப் பாவத்தில் பாதி கழிந்தது என்று நினைத்துக்கொண்டான். நாலு படம், இனி அந்தக் கேமராவைத் தொட வேண்டியதே இல்லை. தூரத்தில் அமிர்தம் டிபன் கேரியரைத் தூக்கிக் காட்டினாள். அவனுக்குக் குதிக்க வேண்டும்போல இருந்தது.

கலெக்டர் பத்துக்கு வரவில்லை. பதினொன்றுக்கும் வரவில்லை. வந்ததெல்லாம் கட்சிக்காரர்கள். ஒன்றியம், வட்டம், கிளை என்று கரைத்துண்டு போட்டவர்கள் அலை அலையாக வந்து பஞ்சநதத்துக்கும் நடராசனுக்கும் பொன்னாடை போர்த்தினார்கள். போர்த்தினவன் கையை எடுக்காமல் கேமராவையே பார்த்துக்கொண்டு நிற்பான். எடுப்பா, எடுப்பா என்று நடராசன் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வார். வேறு நாளென்றால் செல்லதுரை இந்தக் கூட்டத்துக்கெல்லாம் வெறும் ஃபிளாஷைப் போட்டு ஒப்பேற்றியிருப்பான். இப்போதுதான் அவனிடம் வெறும் கேமராவே கிடையாதே! அவன் வைத்திருந்த ஃபிளாஷ், ஷட்டரை அழுத்தினால்தான் மின்னும். நிஜக் கேமராவில் நிஜ ஃபிலிம் போய்க்கொண்டே இருந்தது. நடராசன் காதில் போய்ச் சொன்னான். அவர், அதுதான் ரெண்டாவது இருக்கிறதே, அதை எடேன் என்றார். அதில் அக்கா படம் இருப்பதை அவரிடம் எப்படிச் சொல்வான்?

பதினொன்றரைக்குக் கலெக்டர் வந்தார். சின்ன வயசுக்காரர், தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இறங்கினார். ஜீப், மாலை, குத்துவிளக்கு. குத்துவிளக்கின் ரெண்டாவது திரியோடு இருபத்து நாலு முடிந்தது. கோப்பைக்கென்று ஒதுக்கிய மூன்றும் பொன்னாடையில் போயே போய்விட்டன.

ஒலிபெருக்கியில் பஞ்சநதத்தின் பேரைக் கூப்பிட்டார்கள். கலெக்டர் கோப்பையை எடுத்துவிட்டார். செல்லதுரை மேடைக்கு முன்னால் நின்றான். காலியான பெரிய கேமராவால் ஒரு வெளிச்சத்தைப் போட்டுவிட்டு, படம் விழவில்லை என்று பிற்பாடு சொல்லிவிடலாம். ரெண்டாவதைத் தொட்டானோ, விழாவின் முக்கியப் படம் அந்த ரோலில் ஏறிவிடும், ரோல் சென்னைக்குப் போய்விடும், அக்காவின் படமும் அதோடு போய்விடும். இதெல்லாம் அவன் யோசித்தான்தான். ஆனால் கை யோசிக்கவில்லை. ஏழு வருஷம் பழகின கை, எதிரே கலெக்டர் கோப்பையை நீட்டுகிறார், வெளிச்சம் பாந்தமாக விழுகிறது. கை தானாகவே ரெண்டாவது கேமராவைத் தூக்கிவிட்டது.

பஞ்சநதம் அதைப் பார்த்தார். தன் வாழ்நாளின் பெரிய படத்துக்கு ஃபிலிமில்லாக் கேமராவைத் தூக்குகிறான் பாவி என்று அவருக்கு ரத்தம் கொதித்திருக்க வேண்டும். கலெக்டர் பக்கத்தில் நிற்பதையும் மறந்தார், மைக் எதிரே இருப்பதையும் மறந்தார்.

“டேய்! அது வெறுங்கேமராடா! அதுல ஃபிலிம் கிடையாதுடா!”

நாலு ஊருக்கும் கேட்டது. அந்த வேகத்தில் செல்லதுரையின் விரல் அழுத்தியும்விட்டது.

பிறகு பின்வரிசையில் முணுமுணுப்பு கிளம்பியது. காலையில் எண்ணெய் தடவித் தலைவாரி நின்றவர்கள் அத்தனை பேரும் அந்தக் கேமராவுக்குத்தானே நின்றார்கள்? செல்லதுரை திரும்பினான். வேம்பு கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்துகொண்டிருந்தாள். அவள் அவனைப் பார்த்த பார்வையை அவன் சாகிறவரை மறக்க மாட்டான். கல்யாண வீட்டு நெகட்டிவ் எப்படிக் கெட்டுப்போயிற்று என்பது அவளுக்கு அந்த நிமிஷத்தில் விளங்கிவிட்டது. அவள் தம்பியைத் தாண்டி நடந்தாள். மேடையைப் பார்த்து, குரல் உயர்த்தாமல், பஞ்சநதத்திடம் கேட்டாள்.

“எங்க வீட்டுக்காரரு வெறும் கூலியாளுன்னுதானேங்க எழுதிக் குடுத்திருக்கீங்க? கூலியாளு படத்துல விழுந்தா உங்களுக்கு என்னங்க? அது விழக்கூடாதுன்னு எதுக்குங்க இவ்வளவு ஏற்பாடு?”

பஞ்சநதம் மைக்கைக் கையால் பொத்தினார். கலெக்டர் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே அவரைப் பார்த்தார், வேம்புவைப் பார்த்தார், கடைசியில் செல்லதுரையைப் பார்த்து, வெறும் கேமரா என்றால் என்ன என்று விசாரித்தார். வெறும் ஃபிளாஷ் என்றால் என்ன, யாருக்குப் போடச் சொன்னார்கள் என்பதைச் செல்லதுரை மறைக்காமல் சொன்னான். பெண்கள் பக்கமிருந்து யாரோ காறித் துப்பினார்கள். அதையும் வாங்கிக்கொண்டான்.

“ஆனா நான் போடலீங்க,” என்றான். “இதுல ஃபிலிம் இருக்குங்க. காலையில முருகையன் மச்சான் கையில கோப்பை குடுத்தாங்க பாருங்க, அய்யாவே குடுத்தாங்க, அது இதுல இருக்கு.”

குஞ்சிதபாதம் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கலெக்டர் நடராசனைக் கூப்பிட்டார். அந்தப் படத்தில் ஒரு பிரதி தன் ஆபீசுக்கு வர வேண்டும் என்றார். எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். பிறகு கோப்பையைப் பஞ்சநதம் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். பஞ்சநதம் அதைக் குனிந்த தலையோடு வாங்கினார். செல்லதுரை அதையும் ரெண்டு படம் எடுத்தான்.

பிரதி அனுப்ப வேண்டும் என்றால் முதலில் படம் விழுந்திருக்க வேண்டுமே! ரெண்டு வருஷம் ஃபிலிம் காணாத கேமரா. கலெக்டர் பிரதி கேட்டுவிட்டதால் அந்த ரோல் மட்டும் இங்கேயே கழுவப்பட்டது. மத்தியானம் மூன்று மணிக்கு நடராசன் ஸ்டூடியோ பெஞ்சில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். முருகையன் வாசலிலேயே நின்றான். வேம்பு உள்ளே வரவில்லை, எதிர்க் கடை நிழலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். செல்லதுரை இருட்டறைக் கதவுக்கு வெளியே எத்தனை தடவை நடந்தான் என்று அவனுக்கே தெரியாது. உள்ளே தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

கதவு திறந்தது. அமிர்தம் ஈரச் சுருளை ரெண்டு கையாலும் விரித்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். முதல் படம், பெண்கள் நின்றது, பாதிக்கு மேல் வெந்து கருகியிருந்தது. ரெண்டாவதில் ஓரம் மட்டும்தான் கருகல். நடுவில் எல்லாம் துல்லியம்: நீட்டிய கை, வாங்கிய கை, கோப்பை, கதிர்.

“விழுந்திருக்குங்க,” என்றாள் அமிர்தம். அவள் அழுதேவிட்டாள்.

நடராசன் எழுந்து வந்து கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். அஞ்சாவது படத்தில் பஞ்சநதம் அண்ணாக்குத் தெரிய வாயைத் திறந்துகொண்டு, விரலை நீட்டிக்கொண்டு நின்றார். கலெக்டர் திடுக்கிட்டுத் திரும்பியிருந்தார். அடுத்த ரெண்டிலும் பஞ்சநதத்தின் உச்சந்தலைதான் தெரிந்தது. இதில் எதை அய்யா பத்திரிகையில் போடுவது என்று நடராசன் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு ரெண்டாவதையும் மூன்றாவதையும் வெகுநேரம் பார்த்தார். சென்னையில் தன் முதலாளி கேட்டது கோப்பை, கதிர், சிரித்த முகம், அவ்வளவுதான் என்றார். முகம் யாருடையது என்று அவர் கேட்கவே இல்லையாம். முருகையனைக் கூப்பிட்டு ஊர், பேர் எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார்.

செல்லதுரை முதல் பிரதியாக அக்காவும் மச்சானும் நின்ற நாலாவதைப் போட்டான். காயக்கூட விடவில்லை. ஈரத்தோடு எதிர்க் கடைக்குக் கொண்டுபோய் வேம்புவின் மடியில் வைத்துவிட்டு நின்றான். அவள் பார்த்தாள். புடவைக் கரையைத் தடவினாள்.

“அன்னைக்கும் இப்படித்தானேடா நின்னேன்,” என்றாள். நகர்ந்து இடம் விட்டு, “வெயில்ல நிக்காதே, உக்காரு” என்றாள்.

மாசி விசாரணைக்கு முன்பே கம்பெனிப் பத்திரிகை வந்துவிட்டது. ரெண்டாவது பக்கத்தில் முழுசாகப் படம். கீழே, தாலுகாவில் முதல் மகசூல் கண்ட சாகுபடிக்காரர் செம்பியநத்தம் முருகையன் என்று அச்சில் போட்டிருந்தது. பதிவு அதிகாரி பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டு பஞ்சநதத்தின் வக்கீலிடம் வேம்பு கேட்ட அதே கேள்வியைக் கேட்டார். கலெக்டர் ஆபீசிலிருந்து அந்தக் கேள்வி அவருக்கு எழுத்தில் வந்திருந்தது. ஒன்பது மாவுக்கும் முருகையன் பேர் பதிவேட்டில் ஏறியது. அடுத்த குறுவைக்கு அவன் நாற்றங்கால் உழுதபோது யாரும் வந்து ஏர் முன்னால் நிற்கவில்லை.

பங்குனியில் ஒரு நாள் குஞ்சிதபாதம் குடையோடு ஸ்டூடியோவுக்கு வந்தார். சுற்றி வளைத்துப் பேசினார். அய்யாவுக்கு ஒரே ஒரு மனக்கவலை, அந்த வாய் திறந்த படம் எங்கேயாவது கண்ணாடிப் பெட்டியில் மாட்டி ஊர் சிரித்துவிடுமோ என்று தூக்கமே இல்லை, அந்த நெகட்டிவைக் கொடுத்துவிட முடியுமா என்று கேட்டார். மேசை இழுப்பறைக்குள் அது பத்திரமாக இருந்தது. அமிர்தம் உதட்டைக் கடித்துக்கொண்டு இருட்டறைக்குள் போய்விட்டாள்.

“அய்யாகிட்ட கவலைப்பட வேணாம்னு சொல்லுங்க,” என்றான் செல்லதுரை. “அவருக்குப் போட்டது வெறும் ஃபிளாஷ்தான்.”

குஞ்சிதபாதம் நம்பவில்லை. ஆணியில் தொங்கிய ரெண்டாவது கேமராவை எடுத்தார், முதுகைத் திறந்தார், விரலை விட்டுத் துழாவினார், ஊதிப் பார்த்தார். காலியாகத்தான் இருந்தது. திருப்தியாகத் தலையாட்டிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு இறங்கிப் போனார்.